ஃபேரி கார்டன், பட்டர்ஃபிளை கார்டன் கிட்: சென்னை மாடிக்கு எது தேறும்?

பெட்டியின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மோனார்க் பட்டாம்பூச்சி. அது அமெரிக்கக் கண்டத்துக்காரர்; சென்னை பால்கனிக்கு வரப்போவதில்லை. இங்கே அதே சாயலில் பறப்பது வெந்தய வரியன். படத்தில் தொடங்கிய இந்தக் குழப்பம்தான் பெட்டிக்குள்ளும் தொடர்கிறது.

ஆன்லைனிலும் பெரிய நர்சரிகளிலும் 1,300 ரூபாய் வாக்கில் கிடைக்கும் இரட்டைக் கிட் இது: பொம்மை வீடும் குட்டிச் செடியுமாக ஒரு தட்டில் அமைக்கும் ஃபேரி கார்டன் பாதி, பட்டாம்பூச்சியை வரவழைக்கும் தோட்டம் பாதி. பல பெயர்களில் வந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஃபேரி கார்டனுக்கு 30 செ.மீ. அகல வட்டத் தட்டு, ரெசின் வீடு, பாலம், காளான் பொம்மைகள், வெள்ளைக் கூழாங்கல், செயற்கைப் பாசி, 650 கிராம் கோகோபீட் (தென்னைநார்த் தூள்) கட்டி, பட்டன் பேட்டரி விளக்குச்சரம், எச்சவேரியா என்னும் சதைப்பற்றுச் செடி சின்னதாக இரண்டு. பட்டாம்பூச்சிக்கு ஒரு விதைப் பாக்கெட், இடுக்கு வைத்த மரக்கூண்டு, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றும் சிவப்பு பிளாஸ்டிக் கிண்ணம், கூடவே ஒரு குட்டி வேப்பெண்ணெய் பாட்டில். அந்த பாட்டிலுக்குப் பிறகு வருவோம்.

கொலுப்படிக்குப் பக்கத்தில் கடுகும் கேழ்வரகும் முளைக்கவிட்டு பார்க் கட்டுகிற ஊருக்கு ஃபேரி கார்டன் ஒன்றும் புதிதல்ல. ஆனால் கொலு பார்க் பத்து நாளில் கலைந்துவிடும், அதனால் எதைப் போட்டாலும் தாங்கும். இந்தத் தட்டு அக்னி நட்சத்திரத்தையும் ஐப்பசி மழையையும் தாண்ட வேண்டும். அங்கேதான் கிட் சறுக்குகிறது.

முதல் கோளாறு, தட்டில் ஓட்டை இல்லை. அடியில் ஒரு அடுக்கு கல் போட்டால் தண்ணீர் வடிந்துவிடும் என்கிறது கையேடு. வடியாது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது; மண் முழுக்க ஊறிய பிறகுதான் சொட்டும். சொட்டியதும் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள் தேங்கி நாறும். கல் அடுக்கையே விட்டுவிடுங்கள். ட்ரில்லில் 6 மி.மீ. பிட் போட்டு ஐந்து ஓட்டைகள் போதும்: நடுவில் ஒன்று, சுற்றி நான்கு. பிளாஸ்டிக் தட்டானால் சூடாக்கிய ஸ்க்ரூடிரைவரே ஆகும். பீங்கான் என்றால் டைல்ஸ் பிட் வாங்கி, தண்ணீர் விட்டுக்கொண்டே, ஹேமர் மோடை அணைத்துவிட்டு மெதுவாகத் துளைக்க வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும். ஓட்டையின் மேல் ஒரு துண்டு கொசுவலை, அவ்வளவுதான்.

அடுத்தது கோகோபீட். 650 கிராம் கட்டி ஊறினால் எட்டு லிட்டர் வரை பொங்கும். தட்டு கொள்வது ஐந்து லிட்டர்தான். கையேடு சொல்வதுபோல் முழுக்க கோகோபீட்டாக நிரப்பினால் மழைக்காலத்தில் ஸ்பாஞ்சு, மே மாதத்தில் சருகு. ஒருமுறை முற்றிலும் காய்ந்த கோகோபீட் மேலே ஊற்றும் தண்ணீரை உறிஞ்சாது, ஓரமாக வழியவிட்டுவிடும். ஐந்து லிட்டருக்கான கலவை: செம்மண் 2 லிட்டர், கோகோபீட் 1, மண்புழு உரம் 1, கழுவிய எம்சாண்ட் 1. எம்சாண்டைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள தூள் இறுகி சிமென்ட் பூசியதுபோல் ஆகிவிடும். கோகோபீட்டையும் இரண்டு தண்ணீரில் அலசுங்கள், உப்பு போக. ஏற்கெனவே போர் தண்ணீரில் உப்பு இருக்கும் வீடுகளில் இது இன்னும் முக்கியம். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவது அந்த உப்புதான்.

எச்சவேரியா பார்க்க ரோஜாப்பூ மாதிரி அழகு. ஊட்டியிலோ பெங்களூரிலோ நன்றாக வரும். இரவிலும் வெப்பமும் ஈரமும் குறையாத சென்னையில் அடித்தண்டு கறுத்து, ஒருநாள் தொட்டால் தலை தனியாகக் கையோடு வரும். நிழலில் ஹவ்ரெத்தியா தாங்கும், குட்டை மருள் தாங்கும். ஆனால் ஃபேரி கார்டனில் தாங்கினால் மட்டும் போதாது, அளவும் பொருந்த வேண்டும். கிட்டில் வரும் வீட்டின் கதவு மூன்று செ.மீ. உயரம். இலை அந்தக் கதவில் பாதிக்கு மேல் போனால் மாயம் கலைந்துவிடும். புல்வெளிக்கு டர்ட்டில் வைன்: நாலு துண்டு கிள்ளி வைத்தால் தானே படரும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கத்தரியுங்கள். மரத்துக்கு நர்சரிகளில் ‘ஜேட்’ என்றே விற்கும் போர்ட்டுலக்கேரியா. கீழ்க்கிளைகளை நீக்கிவிட்டால் அச்சு அசல் ஆலமரம். புதருக்கு பைலியா. காசு கொடுத்து வாங்க வேண்டாம், ஈரமான சுவரிடுக்கிலும் நர்சரித் தொட்டிகளிலும் களையாகவே முளைத்துக் கிடக்கும்.

ரெசின் பொம்மைகள் மேற்கு வெயில் படும் பால்கனியில் ஒரு கோடைக்குள் வெளுத்துவிடும். கிழக்கு பார்த்த இடம் உத்தமம். கூரையில் வெளிப்புறத்துக்கான தெளிவான வார்னிஷ் இரண்டு கோட் அடித்தால் நிறம் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். வெள்ளைக் கூழாங்கல்லை மண் முழுக்கப் பரப்பாமல் பாதைக்கு மட்டும் வையுங்கள். பளிங்குத் துண்டுகளாக இருந்தால் மண்ணில் சுண்ணாம்பு ஏறும். எதுவாக இருந்தாலும் பாசி படிந்து மூன்று மாதத்தில் பச்சையாகும். செயற்கைப் பாசி குப்பைக்கு.

விளக்குச்சரத்தைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்றில் பேட்டரி முனை துருப்பிடிப்பது சின்ன விஷயம். அந்த பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் உணவுக்குழாய் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாகிவிடக்கூடும். குழந்தைகளுக்கென்று விற்கும் பெட்டியில் திருகு இல்லாத பேட்டரி மூடி வைத்திருப்பதை மன்னிக்க முடியாது. வாங்கியதும் கழற்றி எடுத்துவிடுங்கள். கையேட்டில் வரும் ‘குட்டிக் குளம்’ யோசனையும் வேண்டாம். ஒரு மூடி தண்ணீர் போதும், ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழெட்டு நாள்தான். நீல நிறக் கண்ணாடிக் கல்லைப் பரப்பினாலே குளம் மாதிரிதான் தெரியும்.

இவ்வளவு திருத்தினால் ஃபேரி பாதி தேறிவிடும். பட்டாம்பூச்சிப் பாதி அப்படியல்ல, அதன் அடிப்படையே தவறு.

பட்டாம்பூச்சியை வரவழைக்கப் பூ போதும்; தங்கவைக்க இலை வேண்டும். புழு தின்னும் இலை. ஒவ்வொரு வகையும் தனக்கென்று சில செடிகளில் மட்டுமே முட்டையிடும். கிட்டில் அப்படி ஒரு செடிகூட இல்லை. விதைப் பாக்கெட்டில் ஜின்னியாவும் காஸ்மாஸும் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். கூடவே இருக்கும் லூபின் போன்ற குளிர்தேச விதைகளை மறந்துவிடலாம். விதைப்பதை மழை ஓய்ந்து மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் தூவினால் அடைமழை நாற்றை அடித்துக்கொண்டு போகும். ஜின்னியாவில் ஒற்றை அடுக்குப் பூவாகப் பாருங்கள், அடுக்குப் பூவில் தேன் இருக்கும் இடத்துக்கு உறிஞ்சுகுழல் போவது சிரமம். இந்தப் பாக்கெட்டைவிட ஒரு சிவப்பு இட்லிப்பூ, ஒரு பென்டாஸ், ஒரு சீமை நாயுருவி வைத்தால் ஆண்டு முழுக்க வரத்து இருக்கும்.

மரக்கூண்டு அலங்காரம். பட்டாம்பூச்சி இரவில் இலைக்கு அடியில் தொங்கும், இடுக்குக்குள் நுழைந்து தூங்காது. நுழைவது எறும்பும் சிலந்தியும் பல்லியும்தான், மூன்றும் அதைத் தின்பவை. சர்க்கரைக் கிண்ணம் சென்னை வெயிலில் ஒரே நாளில் புளித்து எறும்புப் புற்றாகும். அந்தக் கிண்ணத்துக்கு வேறு வேலை உண்டு: மணல் நிரப்பி, சிட்டிகை உப்பு போட்டு, சேறாக நனைத்து வெயிலில் வையுங்கள். ஆண் பட்டாம்பூச்சிகள் உப்புக்காக ஈரமண்ணில் உட்காரும். மணலுக்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது.

வேப்பெண்ணெய்க்கு வருவோம். பூச்சிக்கு வீடு கட்டச் சொல்லிவிட்டு, புழு தின்பதை நிறுத்தும் மருந்தையும் அதே பெட்டியில் வைத்திருக்கிறார்கள்! மற்ற தொட்டிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொசுப்புகை அடிக்க வண்டி வரும் நாளில் புழு இருக்கும் செடியை உள்ளே எடுத்துவிடுங்கள்.

சென்னையில் தொடங்குபவருக்கு முதல் செடி கறிவேப்பிலை. எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரண்டு பட்டாம்பூச்சிகளுமே அதில் முட்டையிடும். எலுமிச்சையும் வில்வமும் அப்படியே. 14 அங்குல குரோபேக், அதே கலவையில் மணலைக் குறைத்து, ஐந்தாறு மணி நேர வெயில். இரண்டு அடிக் கன்று நாலைந்து புழுவுக்கு மேல் தாங்காது, ஆகவே இரண்டு கன்று வையுங்கள்: ஒன்று புழுவுக்கு, ஒன்று சாம்பாருக்கு. தளிரில் கடுகைவிடச் சிறிய மஞ்சள் உருண்டை முட்டை. வெளிவரும் புழு பறவை எச்சம் போலவே இருக்கும். அதைப் பார்த்துத் துடைத்துப் போடுபவர்கள் அதிகம். கடைசிக் கட்டத்தில் பச்சையாக மாறும், சீண்டினால் தலைக்குப் பின்னால் கவட்டை வடிவில் ஒன்றை நீட்டி நாற்றமடிக்கும். கடிக்காது. பிறகு ஒருநாள் செடியில் புழுவையே காணோம் என்றால் காக்கை கொத்தியதாக முடிவு கட்ட வேண்டாம். கூட்டுப்புழுவாக அது இடம் தேடி நகரும். பக்கத்துக் குச்சி, கிரில், சுவர் எல்லாம் பாருங்கள். இடுப்பில் ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும். முட்டை முதல் சிறகு வரை ஏறக்குறைய ஒரு மாதம்.

வெந்தய வரியனுக்கு எருக்கு. காலி மனையில் தானாக வளரும் செடி, தொட்டிக்குச் சற்று முரடு. பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கையுறை கட்டாயம். நர்சரியில் மில்க்வீட் என்று கேட்டால் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் செடி தருவார்கள்; தொட்டிக்கு அது அடக்கம், அதன் பாலிலும் அதே எச்சரிக்கை. தண்டு நிறைய மஞ்சள் அசுவினி வரும், மருந்து வேண்டாம், தண்ணீரைப் பீய்ச்சினால் போதும். அரளியில் வேறொரு பரிசு இருக்கிறது: காமன் க்ரோ என்ற கரும்பழுப்புப் பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு கண்ணாடிபோல் வெள்ளியாகப் பளபளக்கும். செடி முழுக்க விஷம் என்பதால் சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் தவிர்த்துவிடலாம்.

மாநிலப் பட்டாம்பூச்சியாக 2019-இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனைச் சிலர் நர்சரிகளில் விசாரிக்கிறார்கள். அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர். மாடித்தோட்டத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

விலைக்கு வருவோம். ரெசின் வீடும் பாலமும்தான் கிட்டில் உருப்படியானவை. அவை தனியாகவே கிடைக்கும். பரிசாகக் கொடுக்க, பெட்டி பிரிக்கும் குஷிக்கு என்றால் சரி. தோட்டம்தான் நோக்கம் என்றால் இதே காசில் ஒரு மண்தட்டு, இரண்டு கறிவேப்பிலை, ஒரு மில்க்வீட், ஒரு இட்லிப்பூ, மண்புழு உரம் எல்லாம் வாங்கி மீதியும் இருக்கும்.

கன்று வாங்கும்போது இரண்டு விஷயம். இங்கே விற்பவற்றில் பல ஆந்திரத்தின் கடியத்திலிருந்து களிமண் உருண்டையோடு வருகின்றன. அப்படியே நட்டால் தண்ணீர் சுற்றியுள்ள மண்ணில் இறங்கும், உருண்டைக்குள் போகாது. ஒரு மணி நேரம் ஊறவைத்து வெளிக்களியை உதிர்த்துவிட்டு நடுங்கள். இன்னொன்று, பளபளவென்று ஒரு ஓட்டைகூட இல்லாத கறிவேப்பிலையை எடுக்காதீர்கள், மருந்து அடித்ததாக இருக்கலாம். ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கும், இலை கடிபட்ட கன்றைக் கேளுங்கள். கடைக்காரர் விலையைக் குறைத்தே தருவார். தளிரைத் திருப்பிப் பார்த்தால் முட்டைகூட இலவசமாக வந்திருக்கலாம்.