கல்லுச்சாளையை வீடாக்கப் போகிறீர்களா? பூச்சு வேலையில் நான் ஏமாந்த கதை

காங்கயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்பாரு காலத்துச் சாளை, அதாவது தோட்டத்துக் கொட்டகை, ஒன்று. பாதியில் தீவனம், பாதி மாட்டுக் கட்டுத்தரை. இரண்டடி கனத்தில் கருங்கல் சுவர், மண் சாந்து, மேலே ஓடு. இடிக்க மனசில்லை. வீடாக்கிக் குடிவரலாம் என்று, பழைய கட்டடம்தான் தன் ஸ்பெஷாலிட்டி என்ற ஒரு கான்ட்ராக்டரிடம் 11 லட்சத்துக்கு வேலையை விட்டேன்.

"சிமெண்ட் இந்தச் சுவருக்கு ஆகாதுங்க. கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணியில சுண்ணாம்பு குழைச்சுப் பூசிருவோம்" என்று அவரேதான் சொன்னார். அந்தப் பேச்சில்தான் விழுந்தேன்.

எனக்கு வேலை கோவையில். வாட்ஸ்அப்பில் படம் வரும், ஜிபேயில் பணம் போகும். இரண்டு அறைக்கும் பூச்சு நாலே நாளில் முடிந்ததாகப் படம் வந்தது. சுண்ணாம்பில் ஒரு பூச்சு இறுகி அடுத்த பூச்சுக்கு வரவே நாளாகும். அது தெரியாமல் சீக்கிரம் முடித்துவிட்டார் என்று பாராட்டி வேறு மெசேஜ் போட்டேன்!

ஐப்பசி மழை இரண்டு பெய்ததும் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறிப் புடைத்தது. வண்டிச் சாவியால் சுரண்டிப் பார்த்தேன். ஒரு ரூபாய்க் காசு கனத்துக்கு வெள்ளை, அதற்குள் சாம்பல் நிறச் சிமெண்ட். மண்சாந்துச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதைக் காற்றில் விட்டுவிடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்துப் போடும். கட்டுத்தரைப் பக்கம் இன்னும் மோசம். வருஷக்கணக்கில் மாட்டு மூத்திரம் ஊறிய சுவர் அது, உப்பு பூத்துப் பூச்சையே பொரித்துத் தள்ளிவிட்டது. அந்தக் காலத்தில் வெடிமருந்துக்கான வெடியுப்பு எடுத்ததே இப்படிப்பட்ட தொழுவ மண்ணில்தான்.

ஜன்னல் வைத்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சுவருக்கு உள்ளே ஒரு கல் வரிசை, வெளியே ஒரு வரிசை, நடுவில் சல்லியும் மண்ணும். முட்டுக் கொடுக்காமல் உடைத்ததில், மூட்டை அவிழ்ந்த மாதிரி மண் கொட்டி, மேலிருந்த கல் இரண்டு சரிந்திருக்கின்றன. கீழே ஆள் நிற்காதது யார் செய்த புண்ணியமோ. எனக்கு வந்த படங்களில் இது இல்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

நேரில் போய்க் கேட்டேன். "கொட்டேஷன்ல சுண்ணாம்புன்னு எங்கீங்க இருக்குது?" என்றார். எடுத்துப் பார்த்தால், 'உள்பூச்சு, வெளிப்பூச்சு: 1,80,000'. அவ்வளவுதான். அதனால் கொட்டேஷனில் என்ன பொருள், எத்தனை பூச்சு, இடையில் எத்தனை நாள் என்று எழுதி வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பூச்சு நடக்கிற நாளில் லீவு போட்டாவது அங்கே நில்லுங்கள்.

நல்லவேளையாக, அவர் சுண்ணாம்பு என்று சொல்லி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் போனில் இருக்கிறது. அதை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை.

இப்போது வயதான ஒரு கொத்தனார் சிமெண்ட்டைக் கொத்தி எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆடிக்காற்று அடித்து ஓயும் வரை சுவர் வெறுங்கல்லாகவே கிடக்கட்டும், அதற்கு முன்னால் சுண்ணாம்பைத் தொட மாட்டேன் என்கிறார். அதுவரை வாடகை வீடுதான்.