கணினி மாற்றம்: கோப்பு வந்துவிடும், எழுத்துரு வராது

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணத்தில் கோவில் அலுவலகம், டியூஷன் சென்டர், வீடு எங்கே கணினி மாற்றினாலும் கைகொடுப்பது ஒரே முறைதான்: ஒரு வெளி வட்டு, விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற நகலெடுப்புக் கட்டளை. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் இதற்குத் தேவையில்லை. மாற்றிய அன்றைக்கு எல்லாமே சரியாகத்தான் தெரியும். குறை வெளிப்படுவது மாதக்கணக்கு கழித்து, தைப்பூச நோட்டீஸ் அடிக்க உட்காரும்போது.

வட்டுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். பழைய மடிக்கணினியின் சுழல் வட்டே நொடிக்கு 80 முதல் 100 எம்பிதான் தரும். விலை கூடிய எஸ்எஸ்டி வாங்கினாலும் அந்த வேகத்துக்குத்தான் காத்திருக்க வேண்டும். வட்டைச் செருகும் யுஎஸ்பி துளையைக் கவனியுங்கள். உள்ளே நீல நாக்கு இருந்தால் பெரும்பாலும் யுஎஸ்பி 3. பழைய யுஎஸ்பி 2 துளையில் செருகினால் 35 எம்பியைத் தாண்டுவதே அபூர்வம். 200 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதுவும் பெரிய கோப்புகளாக இருந்தால்தான். வாட்ஸ்அப் படங்கள் மாதிரி ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் என்றால் இன்னும் இழுக்கும்.

வட்டை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. கல்யாண வீடியோ அங்கேயே நின்றுவிடும். எக்ஸ்ஃபேட் ஏற்றுக்கொள்ளும், ஆனால் எழுதுவதைப் பதிந்துவைக்கும் குறிப்பேடு அதில் கிடையாது. சாயங்கால இடிமழையில் கரண்ட் போகிற ஊரில் அது நல்லதல்ல.

கமாண்ட் ப்ராம்ப்டில் தட்டும் ரோபோகாப்பி கட்டளையில் முதலில் எடுக்கும் இடம், அடுத்துப் போடும் இடம், பிறகு /இ /எக்ஸ்ஜே /ஆர்:1 /டபிள்யூ:1 /எம்டி:8 (தட்டும்போது ஆங்கில எழுத்தில்). /இ உட்கோப்புறைகளையும் எடுக்கும், /எம்டி:8 எட்டெட்டாக நகலெடுக்கும். இதில் ஆர் (எத்தனை முறை மறுபடி முயல்வது), டபிள்யூ (நடுவே எத்தனை நொடி காத்திருப்பது) இரண்டையும் விட்டுவிடவே கூடாது. ஒரு கோப்பைப் படிக்க முடியாவிட்டால் ரோபோகாப்பி தானாக 10 லட்சம் முறை முயலும், ஒவ்வொரு முறைக்கும் நடுவே 30 நொடி காத்திருக்கும். பழுதான ஒரே ஒரு படம் போதும், காலையில் வந்து பார்த்தாலும் அதே இடத்தில் நிற்கும். எக்ஸ்ஜே இல்லாவிட்டால், தன்னையே திருப்பிக் காட்டும் மறை கோப்புறைகளுக்குள் புகுந்து சுற்றிக்கொண்டிருக்கலாம். /எம்ஐஆர் பக்கமே போகாதீர்கள். மூலத்தில் இல்லாததை எல்லாம் போடும் இடத்திலிருந்து அழித்துவிடும்.

பாதியில் கரண்ட் போனால் அதே கட்டளையை மறுபடி ஓட்டினால் போதும், முடிந்ததைத் தாண்டிப் போகும். கடைசியில் வரும் அட்டவணையில் ‘ஃபெயில்டு’ பத்தி 0 காட்ட வேண்டும். டி டிரைவை முழுசாக எடுத்தால் போட்ட கோப்புறை மறைந்துபோவதும் உண்டு. ‘எல்லாம் போச்சே’ என்று பதற வேண்டாம்: டிரைவின் வேரில் இருக்கும் மறைவுத் தன்மையும் கூடவே வந்திருக்கும். அட்ரிப் கட்டளையில் -எச் -எஸ் கொடுத்தால் தெரியும்.

அடுத்தது எழுத்துரு, அதிகம் அடிவாங்கும் இடம் இதுதான். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், யூனிகோடு பரவுவதற்கு முன் இருந்த டிஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தட்டிய பழைய தமிழ்க் கோப்புகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அந்த முறையில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருப்பது ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய இடங்களில். எழுத்துரு இருந்தால் ‘அருள்மிகு’ என்று தெரியும். இல்லையென்றால் தலையில் கோடும் புள்ளியும் வைத்த அந்நிய எழுத்துக் குவியல். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. கோப்பு நன்றாகத்தான் இருக்கும்.

விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ஸை மட்டும் எடுத்தால் போதாது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, சாதாரணமாக ‘இன்ஸ்டால்’ அழுத்திய எழுத்துரு பயனருடைய ‘ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ்’ என்ற மறை கோப்புறைக்குப் போகிறது. இரண்டையும் எடுங்கள். புதியதில் ஏற்றும்போது வலச்சொடுக்கில் ‘எல்லாப் பயனர்களுக்கும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எது விட்டுப்போனது என்பதை வேர்டே சொல்லும்: ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, ‘ஃபான்ட் சப்ஸ்டிடியூஷன்’. நேரம் கிடைத்தால் என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மாற்றுமென்பொருளில், இப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றிவிடுவது உத்தமம். அடுத்த கணினியில் இந்தத் தலைவலி இருக்காது. விசைப்பலகைக்கு அலைய வேண்டாம், தமிழ் 99, அஞ்சல் இரண்டும் விண்டோஸ் 11-இலேயே உண்டு.

குரோம் கோப்புறையை அப்படியே நகலெடுத்தால் புக்மார்க் வரும், கடவுச்சொல் வராது. அதைத் திறக்கும் சாவி பழைய விண்டோஸ் கணக்கோடு கட்டப்பட்டது. முன்கூட்டியே கூகுள் கணக்கில் சிங்க் செய்யுங்கள், அல்லது கடவுச்சொற்களை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து, புதியதில் சேர்த்ததும் அந்தக் கோப்பை அழியுங்கள். உள்ளே கடவுச்சொல் எல்லாம் பூட்டில்லாமல் யாரும் படிக்கிற மாதிரி இருக்கும். ஃபயர்பாக்ஸில் இந்தக் கெடுபிடி இல்லை, ப்ரொஃபைல் கோப்புறை முழுசாகப் போனால் கடவுச்சொல்லும் கூடவே போகும்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் ஓடிய கணினியில் வழக்கமான ‘டெஸ்க்டாப்’ கோப்புறை காலியாக இருக்கலாம். உண்மையான டெஸ்க்டாப் ஒன்டிரைவ் கோப்புறைக்குள் இருக்கும். மேகக்குறி போட்ட கோப்பு கணினியில் இல்லவே இல்லை. முதலில் ‘எப்போதும் இந்தக் கணினியில் வை’ என்று கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். டவுன் லைனில் பரவாயில்லை, தோட்டத்து உட்பக்கம் என்றால் ஓர் இரவு விட்டுவைக்க வேண்டியிருக்கும்.

பழைய வட்டைக் கழற்றி யுஎஸ்பி உறையில் போட்டுப் படிக்கும் எண்ணம் இருந்தால், கழற்றுவதற்கு முன்பே பிட்லாக்கர் (வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) சாவியை எடுத்து எழுதிவையுங்கள். 48 இலக்கம், மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடைக்கும். அந்தக் கணக்கு, வேலையை விட்டுப்போன குமாஸ்தா பெயரில் இருந்தால் முதலில் அவரைத்தான் தேட வேண்டும்.