“நாலு கொயிலும் பழுதாப் போட்டுது” என்று கராஜில் சொன்னால் உடனே தலையாட்டாதீங்கோ

புதுக்குடியிருப்புப் பக்கம் ஓடுகிற ஓர் அக்சியோ கார். ஏசி போட்டு இழுக்கும்போது குலுங்கியது, செக் எஞ்சின் லைட் மினுங்கியது. கராஜில் பழுதுக் குறியீட்டை வாசிக்கும் ஸ்கானர் கூடப் போடாமல், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற இக்னிஷன் கொயில் நாலையும் மாற்றிக் காசு வாங்கிவிட்டார்கள். மூன்றாம் கிழமை அதே குலுக்கம். கழற்றிப் பார்த்தால் இரண்டாம் சிலிண்டரின் பிளக் குழிக்குள் எஞ்சின் ஒயில் நிற்கிறது. புதுக் கொயிலின் ரப்பர் ஊதி, கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. பழுது டப்பட் கவர், அதாவது எஞ்சினின் மேல்மூடியின் சீலில். அதை யாரும் பார்க்கவேயில்லை. பழைய கொயில் நாலும் உரிமையாளரின் கைக்கு வரவுமில்லை. அவற்றில் நல்லது இருந்தால் இன்னொரு வாகனத்துக்கு விலைப்படும், அதுதான் விசயம்.

கொயில் பழுதா என்று பார்க்கச் செலவே இல்லை. ஸ்கானரில் பி0302 என்ற குறியீடு வந்தால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அதில் பெற்றோல் ஒழுங்காக எரியவில்லை. அந்தக் கொயிலை மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை இங்கே போட்டு, ஸ்கானரில் அந்தக் குறியீட்டை அழித்து ஓட்டுங்கோ. பி0303 என்று மாறினால் கொயில்தான் பழுது, அந்த ஒன்றை மாற்றினால் போதும். பி0302 ஆகவே நின்றால் பிளக், இன்ஜெக்டர், வயர், கொம்பிரஷன் என்று தேடவேண்டும். நாலு பின் உள்ள கொயிலுக்கு மீற்றர் வைத்து ஓம் பார்த்து “செத்துட்டுது” என்று சொன்னால் நம்பாதீங்கோ. கொயிலை இயக்கும் மின்னணுப் பகுதியான இக்னைற்றர் உள்ளேயே இருப்பதால் அந்த அளவு ஒன்றையும் காட்டாது.

லைட் மினுங்கும்போது ஏ9 வீதியில் வவுனியா வரை ஓட்டிப்போய்க் காட்டலாம் என்று நினைக்காதீங்கோ. எரியாத பெற்றோல் புகையைச் சுத்தம் செய்யும் கற்றலிற்றிக் கொன்வேற்றருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அதன் விலைக்கு முன்னால் கொயில் விலை ஒன்றுமில்லை.

மாற்றும்போது எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் பிளக் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை கிழியும். அக்வா போன்ற ஹைபிரிட் என்றால் ரெடி லைட்டை அணைத்து, சாவியைத் தூர வையுங்கோ. அணைக்காமல் கை வைத்தால் எஞ்சின் தானாக ஸ்டார்ட் எடுக்கக்கூடும். பற்றரியின் நெகட்டிவைக் கழற்றுங்கோ. எங்கள் கிரவல் வீதிகளின் செம்புழுதி கொயிலைச் சுற்றிப் படிந்திருக்கும். பிளக்கில் கை வைக்க முதல் காற்றடித்து ஊதவேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவும் சிலிண்டருக்குள் விழும். கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கோ.

கனெக்டரின் பூட்டு சூட்டில் காய்ந்து முறுகிப்போயிருக்கும். பூட்டை அமத்திக் கழற்றவேண்டும், வயரில் பிடித்து இழுக்கக்கூடாது. 10 எம்.எம். பொல்ட் ஒன்றுதான். கொயிலை இடமும் வலமும் சற்றுத் திருப்பி, நேரே மேலே தூக்குங்கோ. பல அக்சியோக்களில் உள்ள 1என்இசட் எஞ்சினுக்குப் பிளக்கைக் கையால் மரை பிடித்து, பிறகு 18 நியூட்டன் மீற்றர் இறுக்கம். கொயில் பொல்ட்டுக்கு 9 போதும்.

எஞ்சின் ஓடும்போது கொயிலை வெளியே தூக்கி நெருப்புப் பொறி பார்ப்பவரிடம் வாகனத்தை விடாதீங்கோ. அதில் பத்தாயிரக்கணக்கான வோல்ட் பாயும், கொயிலும் அத்தோடு கெடும்.

வேலை தொடங்க முதலே பழைய சாமான் அவ்வளவும் திருப்பி வேணும் என்று சொல்லி வையுங்கோ.