நைட்ரஜன் காற்று: டயருக்கு 20 ரூபாய் கொடுத்து அடித்துப் பார்த்தேன்

ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் போகிற ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க். "நைட்ரஜன் அடிச்சா எந்த வெயில்லயும் பிரஷர் ஏறாதுண்ணே" என்றான் காற்றடிக்கிற தம்பி. பதினோராம் வகுப்புக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறவனிடம் போய் இப்படிச் சொன்னால் சும்மா விட முடியுமா? இடது பக்க டயர் இரண்டுக்கு மட்டும் நைட்ரஜன், வலது பக்கத்துக்குச் சாதாரணக் காற்று என்று கேட்டேன். ஒரு மாதிரியாகத்தான் பார்த்தான்.

எல்லாவற்றிலும் கொஞ்சம் கூடவே அடித்து வாங்கி, மறுநாள் விடிகாலை உச்சிப்புளியில் வீட்டு வாசலில் வைத்து நாலையும் 33 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். அப்போது 27 டிகிரி. பாம்பன் பாலம் தாண்டி அரிச்சல்முனை போய்ச் சேரும்போது உச்சி வெயில், டயரில் கை வைக்க முடியவில்லை. கேஜை எடுத்து அளந்தால் நைட்ரஜன் டயர்களில் 37.5, 38. காற்று டயர்கள் இரண்டிலும் 38. அரை பிஎஸ்ஐ வித்தியாசத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை, வெயில் எந்தப் பக்கம் அடித்தது என்பதற்கே அவ்வளவு மாறும்.

இது கேலூசாக் விதிதான். கன அளவு மாறாமல் இருந்தால் அழுத்தம் கெல்வின் வெப்பநிலையோடு சேர்ந்து ஏறும். கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே இருக்கிற அழுத்தத்தை மட்டும், அதனால் முதலில் வெளிக்காற்றின் அழுத்தமான 14.7-ஐக் கூட்ட வேண்டும் (பிள்ளைகள் கோட்டை விடுகிற இடமும் இதுதான்). 33 இப்போது 47.7. டிகிரியோடு 273 கூட்டினால் கெல்வின், விடிகாலை 27 டிகிரி என்றால் 300 கெல்வின், உள்ளே 57 டிகிரிக்குச் சூடேறினால் 330, பத்தில் ஒரு பங்கு கூடுதல். 47.7 என்பது 52.5 ஆகும், 14.7-ஐக் கழித்தால் 37.8. இதில் எந்த வாயு என்ற கேள்வி எங்காவது வந்ததா? பிவி = என்ஆர்டி என்கிற வாயுச் சமன்பாடு எத்தனை மோல் (அதாவது வாயு எவ்வளவு) என்று கேட்கும், குலம் கோத்திரம் விசாரிக்காது.

இன்னொரு கூத்து, அந்தத் தம்பி பழைய காற்றை இறக்காமல் 28-க்கு மேலேயே நைட்ரஜனை ஏற்றி 35 ஆக்கினான். காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தானே, கணக்குப் போட்டால் 20 ரூபாய்க்குக் கிடைத்தது 81 சதவீதம். வால்வைக் கழற்றி முழுக்க இறக்கியிருந்தால்கூட ஒரு வளிமண்டலக் காற்று உள்ளேயே நிற்கும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். நைட்ரஜன் ரப்பர் வழியாக ஆக்சிஜனைவிட மெதுவாகக் கசியும், ஈரமும் இருக்காது. நம்ம கடலோரத்தில் சில பஞ்சர் கடை கம்ப்ரசர்களில் தண்ணீரை வடிக்காமலே விட்டிருப்பார்கள், அடித்தால் டயருக்குள் தண்ணீரும் சேர்ந்து போகும், அது ஆவியாகும்போது பிரஷர் இன்னும் ஏறும். மற்றபடி ஐந்துக்கு இரண்டுதான் தருவேன், அதுவும் அந்த மெஷின் அளவு சரியாகக் காட்டியதற்காக.

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கூட வந்த மச்சான், 38 ரொம்ப அதிகம் என்று பின்னால் ஒரு டயரில் வால்வை அமுக்கி 33-க்கு இறக்கிவிட்டார். மறுநாள் விடிகாலை அந்த டயரில் 28.5. உச்சிப்புளி பஞ்சர் கடையில் 10 ரூபாய் கொடுத்துச் சாதாரணக் காற்றே அடித்துக்கொண்டேன்.