துரோகத்தின் ஆறு சொற்கள்: மெரியம்-வெப்ஸ்டர் ஒருபொருட்சொல் அகராதி

ஒருபொருள் குறித்த பல சொற்களைத் தொகுக்கும் ஆங்கில அகராதிகளில் பெரும்பாலானவை சொற்களை அடுக்கித் தருவதோடு நின்றுவிடுகின்றன. எதை எங்கே எடுத்தாளலாம் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். 1942-இல் முதலில் வெளிவந்து, 1968-இல் திருத்தியமைக்கப்பட்ட மெரியம்-வெப்ஸ்டர் ஒருபொருட்சொல் அகராதி அந்தப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்கிறது. ஒரு தொகுதியைச் சேர்ந்த சொற்கள் எந்தப் பொருளில் ஒன்றுபடுகின்றன என்பதை முதலில் வரையறுத்துவிட்டு, அவை எங்கெங்கே பிரிகின்றன என்பதை எழுத்தாளர்களின் மேற்கோள்களோடு நிதானமாக விளக்குகிறது.

அதன் தரத்தை அறிய ‘ஃபெய்த்லெஸ்’ என்ற பதிவு ஒன்றே போதும். ஃபெய்த்லெஸ், ஃபால்ஸ், டிஸ்லாயல், ட்ரெய்டரஸ், ட்ரெச்சரஸ், பெர்ஃபிடியஸ் ஆகிய ஆறையும் அது ஒன்றாக நிறுத்துகிறது. இவற்றையெல்லாம் ‘துரோகம்’ என்ற ஒரே சொல்லால் பெயர்த்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு என்பதால், தமிழ் வாசகருக்கு இந்தப் பதிவு கூடுதல் பயன் தரும். கொடுத்த வாக்கைக் காக்காத எவருக்கும் ஃபெய்த்லெஸ் பொருந்தும். டிஸ்லாயல் என்பது நண்பருக்கோ தலைவருக்கோ கொள்கைக்கோ காட்ட வேண்டிய பற்றில் குறை வைப்பது; அது குற்றமாக இருக்க வேண்டியதில்லை. ட்ரெய்டரஸ் அப்படியன்று; நாட்டையோ பெரும் நம்பிக்கையையோ காட்டிக்கொடுத்தவரைச் சுட்டும் கடுஞ்சொல் அது. அமெரிக்க அரசமைப்புச் சட்டம் தேசத்துரோகத்துக்கு வெளிப்படையான ஒரே செயலைக் கண்ட இரு சாட்சிகளையோ நீதிமன்றத்தில் அளித்த ஒப்புதலையோ கோருவதை நினைத்தால், இந்தச் சொல்லை எளிதாக வீசக் கூடாது என்பது விளங்கும்.

ட்ரெச்சரஸ், பெர்ஃபிடியஸ் இரண்டையும் பிரித்துக் காட்டும் பகுதியே எனக்கு மிகவும் பிடித்தது. முன்னது, சமயம் வாய்த்தால் கழுத்தறுக்கத் தயாராக இருக்கும் மனநிலையைச் சொல்கிறது. மேலே உறுதியாகத் தெரிந்து அடியில் உடையும் பனிக்கட்டியையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால் குறிப்பது அதனால்தான். பின்னது இழிவைக் கூட்டுகிறது: உண்மையாக இருக்கும் தன்மையே அந்த மனிதரிடம் இல்லை என்கிறது. ஒருமுறை வாக்குத் தவறியவரைப் பெர்ஃபிடியஸ் என்று எழுதுவது அநியாயம் என்பதை இப்பதிவைப் படித்தவர் மறக்கமாட்டார்.

குறைகளும் உண்டு. சொற்பிறப்பை இந்த அகராதி பெரும்பாலும் தொடுவதில்லை. ‘ட்ரெச்சரி’ (வஞ்சகம்), ‘ட்ரீசன்’ (தேசத்துரோகம்) இரண்டும் உடன்பிறந்தவை போலத் தோன்றினாலும், முன்னது ஏமாற்றுவதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்தும், பின்னது ஒப்படைப்பதைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்தும் வந்தவை. இந்த ஒரு வரி இருந்திருந்தால் வேறுபாடு மனத்தில் பதிந்திருக்கும். துறைசார்ந்த வழக்குகளுக்கும் இதை நம்ப முடியாது. போர் விதிகளை வகுக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான 1977-ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறை, பெர்ஃபிடியஸின் பெயர்ச்சொல்லான ‘பெர்ஃபிடி’ என்பதற்குத் திட்டமான பொருள் வகுத்திருக்கிறது: சரணடைவதுபோல் நடித்து எதிரியின் நம்பிக்கையைப் பெற்று அவரைக் கொல்வது தடைசெய்யப்பட்டது; உருமறைப்பு போன்ற போர்த் தந்திரங்களுக்குத் தடையில்லை. அகராதியின் விளக்கத்தை மட்டும் வைத்து ஒரு சட்ட ஆவணத்தை மொழிபெயர்ப்பவர் இடறிவிழுவார்.

பயன்படுத்தப் பொறுமையும் வேண்டும். பெர்ஃபிடியஸைத் தேடினால் விளக்கம் அங்கே கிடைக்காது. நட்சத்திரக் குறியைப் பின்தொடர்ந்து ஃபெய்த்லெஸ் பக்கத்துக்குப் போக வேண்டும். மேற்கோள்களில் பல பழைய நடையைச் சேர்ந்தவை என்பதால், ஆங்கிலத்தில் ஓரளவு தேர்ச்சி பெற்ற பிறகு வாங்குவதே நல்லது. மொழிபெயர்ப்பாளர்களும் பிழைதிருத்துநர்களும் மட்டும் அதுவரை காத்திருக்காமல் இப்போதே வாங்கிவிடலாம்.