கூகுள் ஸ்காலர்: கண்டுபிடிப்புகளின் கொடிவழியை எவ்வளவு தூரம் காட்டுகிறது?

புதிய கண்டுபிடிப்புகள் பழைய சாதனைகளைச் சார்ந்துதான் பிறக்கின்றனவா என்ற கேள்வியைப் பட்டிமன்றத் தலைப்பாகவே பேசிப் பழகிவிட்டோம். அதை ஒவ்வொரு கண்டுபிடிப்பாக எடுத்துச் சோதித்துப் பார்க்கக் கட்டணமின்றிக் கிடைக்கும் கருவிகளில் கூகுள் ஸ்காலர் முக்கியமானது. 2004 நவம்பரில் தொடங்கப்பட்ட இந்த ஆய்வுக்கட்டுரைத் தேடல் சேவையின் முகப்பில், பேருருவம் படைத்தோரின் தோள்மீது ஏறி நிற்கச் சொல்லும் வரி ஒன்று இருக்கிறது. நியூட்டன் ராபர்ட் ஹூக்குக்கு எழுதிய கடிதத்தால் புகழ்பெற்ற அந்த உவமை நியூட்டனுடையதே அன்று. சார்த்ர் நகரத்து பெர்னார்டு சொன்னதாக 12ஆம் நூற்றாண்டிலேயே சாலிஸ்பரி ஜான் அதை எழுதிவைத்திருக்கிறார். அந்த வரி கொடுக்கும் வாக்கை இச்சேவை எந்த அளவுக்குக் காப்பாற்றுகிறது என்பதை மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன். தேடல் வேகம், பக்கத்தின் தோற்றம் முதலியவற்றில் குறைசொல்ல ஏதுமில்லை.

இதன் பெரும்பலம் ஒவ்வொரு கட்டுரைக்கும் அடியில் உள்ள ஒரு சிறிய இணைப்பு. அந்தக் கட்டுரையைப் பின்னால் வந்த எத்தனை ஆவணங்கள் மேற்கோள் காட்டியுள்ளன என்பதை அது தெரிவிக்கிறது. சொடுக்கினால் அவற்றின் பட்டியல் விரிகிறது. அப்பட்டியலை ஆண்டுவாரியாகச் சுருக்கலாம். அதற்குள்ளேயே தனியாக ஒரு சொல்லைத் தேடவும் செய்யலாம். இந்த இரண்டாவது வசதியைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் ஒரு கண்டுபிடிப்பின் கொடிவழியைத் தேடுவோருக்கு இதைவிடப் பயனுள்ளது இங்கு வேறில்லை.

தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீசும் 1969இல் வெளியிட்ட கட்டுரையை எடுத்துக்கொள்வோம். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வெந்நீர் ஊற்றில் கிடைத்த, ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் செழித்து வளரும் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவை அது விவரிக்கிறது. 1976இல் வேறொரு குழு அந்தப் பாக்டீரியாவிலிருந்து, டிஎன்ஏவைப் படியெடுக்கும் டிஎன்ஏ பாலிமரேஸ் என்ற நொதியைப் பிரித்தெடுத்தது. 1983இல் கேரி முல்லிஸ், டிஎன்ஏவின் ஒரு பகுதியைச் சுற்றுச் சுற்றாகப் பன்மடங்கு படியெடுக்கும் பிசிஆர் முறையைச் சிந்தித்தார். ஆனால் அதன் தொடக்க வடிவில் பயன்பட்டது ஈ.கோலை பாக்டீரியாவின் நொதிதான். டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் பிரிப்பதற்கு ஒவ்வொரு சுற்றிலும் 95 டிகிரி அளவுக்குச் சூடேற்ற வேண்டியிருந்ததால், அந்த நொதி ஒவ்வொரு முறையும் சிதைந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்க்கவும் வேண்டியிருந்தது. வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவின் நொதியைக் கொண்டு பிசிஆர் செய்யும் முறையை 1988இல் வெளியான கட்டுரை விவரித்தது. அதன் பிறகே அது தானியங்கி எந்திரத்துக்குள் எளிதாக அடங்கி உலகெங்கும் உள்ள ஆய்வகங்களுக்குப் பரவியது. 1969ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டியவற்றுக்குள் பாலிமரேஸ் என்று தேடினால் இந்தச் சங்கிலியின் கண்ணிகள் அகப்படத் தொடங்குகின்றன. நொதி கையிலிருந்தும் ஏழாண்டுகள் அதை இப்படிப் பயன்படுத்தும் யோசனை பிறக்கவில்லை. யோசனை பிறந்தபோதோ தகுந்த நொதி சேராமல் அது தடுமாறியது. முன்னோரின் சாதனை மட்டுமே போதும் என்பவர்களுக்கும், தனிமனித மேதைமை மட்டுமே போதும் என்பவர்களுக்கும் இந்த ஒரு வரலாறே பதிலாக அமைகிறது.

இச்சேவையும் இவ்வாறு பிறந்ததுதான். 1873இல் அமெரிக்காவில் ஃபிராங்க் ஷெப்பர்டு, ஒரு தீர்ப்பைப் பின்னால் எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்று வழக்கறிஞர்கள் அறிய உதவும் அட்டவணையைத் தொடங்கினார். அறிவியல் கட்டுரைகளுக்கும் அப்படியொன்று வேண்டும் என்று 1955இல் சயன்ஸ் இதழில் எழுதிய யூஜின் கார்ஃபீல்டு, ஷெப்பர்டின் அட்டவணையையே முன்மாதிரியாகக் காட்டினார்; 1960களில் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிடவும் செய்தார். இணையப் பக்கங்களைத் தரப்படுத்தும் முறையை 1998இல் விளக்கிய, கூகுளின் நிறுவனர்களான செர்கே பிரின், லாரி பேஜ் ஆகியோரின் கட்டுரை, கல்வித்துறை மேற்கோள்களை எண்ணும் வழக்கம் இணையத்துக்கும் கையாளப்பட்டிருப்பதைக் குறிப்பிட்டே அம்முறையின் விளக்கத்தைத் தொடங்குகிறது. அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்புகளையும் கூகுள் ஸ்காலர் பின்னர் சேர்த்துக்கொண்டதால், வழக்கறிஞர்களிடமிருந்து புறப்பட்ட முறை நூற்றாண்டு கடந்து அவர்களிடமே திரும்பிச் சென்றிருக்கிறது என்பது ஒரு வேடிக்கை.

இவ்வளவு பாராட்டிய பிறகு குறைகளுக்கு வருவோம். முதற்குறை திசையில் இருக்கிறது. ஒரு கட்டுரைக்குப் பின்னால் வந்தவர்கள் யார் என்று கூகுள் ஸ்காலர் சொல்கிறது. அந்தக் கட்டுரை தனக்கு முன்னிருந்த எவற்றின்மேல் நிற்கிறது என்று சொல்வதற்கு அதில் இணைப்பே இல்லை. அதை அறியக் கட்டுரையையே திறந்து அதன் இறுதிப் பக்கங்களைப் பார்க்க வேண்டும்; கட்டுரை சந்தாச் சுவருக்குப் பின்னால் இருந்தால் அதற்கும் வழியில்லாமல் போகலாம். தோள்மீது நிற்கச் சொல்லிவிட்டுத் தோளைக் காட்டாமல் விடுவது முகப்பு வரிக்குப் பொருந்தவில்லை. ஆலன் செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் செமாண்டிக் ஸ்காலர் இவ்விரு திசைகளையும் ஒரே பக்கத்தில் தருகிறது. ஒரு மேற்கோள் பின்னணிக்காகவா, முறைக்காகவா, முடிவுக்காகவா என்று பிரித்துக்காட்டவும் முயல்கிறது. வேர்களைத் தேடுபவர்கள் அங்கு செல்வதே நல்லது.

இரண்டாவது குறை கணக்கில் இருக்கிறது. 1998இல் லான்செட் இதழில் வெளிவந்து, தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி, 2010இல் திரும்பப் பெறப்பட்ட கட்டுரையை எண்ணற்ற ஆய்வுகள் மேற்கோள் காட்டியுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை அதை மறுப்பவை அல்லது எச்சரிக்கையாகக் காட்டுபவை. கூகுள் ஸ்காலரின் எண்ணிக்கையோ ஆதரவையும் மறுப்பையும் ஒன்றாகவே கூட்டுகிறது. முடிவுகளை வரிசைப்படுத்துவதிலும் மேற்கோள் எண்ணிக்கைக்குப் பங்கு உண்டு என்பதால், ஏற்கெனவே புகழ்பெற்றவை மேலே வந்து இன்னும் புகழ் பெறுகின்றன. ஒரு தேடலுக்கு ஆயிரம் முடிவுகளுக்கு மேல் காட்டப்படுவதில்லை. அடியில் கிடப்பவற்றை ஆண்டு வரம்பை மாற்றி மாற்றித்தான் எட்ட வேண்டும். இது சிறிய குறையன்று. 1866இல் அச்சான மெண்டலின் பட்டாணி ஆய்வு 1900 வரை ஏறத்தாழ யாராலும் பொருட்படுத்தப்படாமல் கிடந்தது. 1987இல் இஷினோவும் உடன் ஆய்வாளர்களும் ஈ.கோலையின் ஒரு மரபணுவுக்கு அருகே விசித்திரமான தொடர் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, அதன் உயிரியல் பொருள் தெரியவில்லை என்று எழுதினார்கள். கிரிஸ்பர் என்று இன்று அழைக்கப்படும் அத்தொடரிலிருந்து மரபணுவைத் திருத்தும் கருவி உருவானது 2012இல்தான். இத்தகைய கட்டுரைகள் உறங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் மேற்கோள் எண்ணிக்கையை நம்பித் தேடுபவரின் கண்ணில் அவை எளிதில் படமாட்டா.

மூன்றாவது, எந்த மேற்கோள் அட்டவணையாலும் தீர்க்க முடியாதது. ஆகவே அதைக் குறை என்று சொல்லாமல் எல்லை என்றே சொல்ல வேண்டும். சிறப்புச் சார்பியலை முன்வைத்த ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டுக் கட்டுரையில் மேற்கோள் பட்டியலே கிடையாது. இதைக் காட்டி, மாபெரும் கண்டுபிடிப்பு யாரையும் சாராமல் தோன்றும் என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் மேக்ஸ்வெல்லின் மின்னியக்கவியலை இயங்கும் பொருள்களுக்குப் பயன்படுத்தும்போது எழும் முரண்பாட்டைச் சொல்லித்தான் அக்கட்டுரை தொடங்குகிறது. அதே சிக்கலை முன்பே ஆராய்ந்த இயற்பியலாளர் லோரென்ட்ஸின் பெயரும் உள்ளே வருகிறது. சார்பு முழுமையாக இருக்கிறது, பட்டியல்தான் இல்லை. அதேபோல, இன்று நுண்கணிதத்தைப் பயன்படுத்தும் யாரும் நியூட்டனையோ லைப்னிட்ஸையோ மேற்கோள் காட்டுவதில்லை. ஒரு சாதனை அனைவரின் பொதுச்சொத்தாகிவிட்டால் மேற்கோளிலிருந்து மறைந்துவிடுகிறது என்பதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் தெளிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆகவே மேற்கோள் குறைவாக இருப்பதைக் கொண்டு கடன் குறைவு என்று முடிவுகட்டுவது பிழை.

ஒரு துறைக்குள் புதிதாக நுழையும் மாணவருக்கும், ஏதேனும் ஒரு கண்டுபிடிப்பு எப்படி வந்தது என்று அறிய விரும்பும் பொது வாசகருக்கும் கூகுள் ஸ்காலரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆய்வாளர்களின் தரத்தை எண்களால் அளக்க நினைக்கும் நிர்வாகிகளுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். எந்தெந்த இதழ்களையும் தளங்களையும் தொகுக்கிறது என்ற முழுப் பட்டியலைக்கூட வெளியிடாத சேவையின் எண்ணை வைத்து ஒருவரின் பதவி உயர்வைத் தீர்மானிப்பது நியாயமாகாது. பயன்படுத்தத் தொடங்குபவர்கள் மின்னஞ்சல் அறிவிப்பு வசதியைப் புதிய தலைப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், அதிகம் கவனிக்கப்படாத பழைய கட்டுரை ஒன்றுக்கும் வைத்துப் பார்க்கலாம்; அதை யாராவது மேற்கோள் காட்டி, அது இச்சேவையின் தொகுப்பில் சேரும்போது அறிவிப்பு வந்துவிடும்.