மல்லிகைப் பெட்டியை ஏற்றுவதற்கு முன் நான் படிக்கும் வானிலைக் குறிப்பு

மதுரையிலிருந்து நியூஜெர்சிக்குப் பூ அனுப்புகிறவர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் வயிற்றில் புளியைக் கரைக்கும் மாதங்கள். தீபாவளிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் எடிசன் ஓக் ட்ரீ சாலைக் கடைகளில் மல்லிகைச் சரத்துக்கு அடிதடியாக இருக்கும். அதே நாட்களில்தான் அட்லாண்டிக் கரையோரத்தில் பருவத்தின் முதல் புயல்களும் கிளம்பும். வடகிழக்கிலிருந்து காற்று சுழற்றி அடிக்கும் அந்தப் புயலை அங்கே நார் ஈஸ்டர் என்கிறார்கள். 2011இல் தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், அக்டோபர் 29 அன்று, இலை உதிராத மரங்கள்மேல் பனி கொட்டியதில் கிளைகள் முறிந்து 30 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. மறுவருடம் சாண்டி புயல் ஓய்ந்த கையோடு நவம்பர் 7இல் இன்னொன்று வந்தது.

மொட்டு மலர்ந்துவிடாமல் இருக்கத் தெர்மாகோல் பெட்டியில் ஜெல் ஐஸ் வைத்துத்தான் அடைக்கிறோம். அந்த அளவுக் குளிர் பூவைக் காப்பாற்றும். உறைநிலைக்குப் போனால் கதை வேறு. விமானத்திலிருந்து இறக்கிய பெட்டி வெட்டவெளியில் கிடந்து உறைந்துவிட்டால், திறக்கும்போது காம்பை ஒட்டிப் பழுப்பு ஏறியிருக்கும்; விரலால் தொட்டாலே மொட்டு நீர் விட்டுக் குழைந்துவிடும். வாசனை மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அதை யார் வாங்குவார்கள்?

முன்பு கைபேசியில் ஒரு செயலியை நம்பியிருந்தேன். பனி 3 அங்குலம் என்று ஒற்றை எண் காட்டும். மறுநாள் பூஜ்யம், அதற்கடுத்த நாள் 6. ஏன் மாறியது என்று ஒரு வரி இருக்காது. அதை விட்டுவிட்டு அமெரிக்க தேசிய வானிலை சேவையின் இணையதளத்துக்கு மாறினேன். கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை. இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

காரணம், அதிலுள்ள முன்னறிவிப்பு விவாதம் என்ற பகுதி. பணியில் இருக்கும் கணிப்பாளர்கள் தாங்கள் எதை நம்புகிறார்கள், எங்கே தயங்குகிறார்கள் என்று உரைநடையில் எழுதுகிறார்கள். அங்கே விடியுமுன் எழுதும் குறிப்பு இங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தையொட்டி வந்துவிடுகிறது. மாட்டுத்தாவணியில் காலையில் எடுத்த பூ தொடுத்து முடிந்து, வண்டி நிற்கும் நேரம் அது.

பருவத் தொடக்கப் புயல் ஏன் இத்தனை ஏமாற்றும் என்பதும் இந்தக் குறிப்புகளைப் படித்துப் படித்துத்தான் எனக்கு விளங்கியது. நவம்பர் தொடக்கத்தில் நியூஜெர்சிக் கடல் இன்னும் குளிர்ந்திருக்காது. அதன்மேல் வீசிவரும் காற்று கரையோரத்தில் பனியை மழையாக்கிவிடும். உள்ளே வடமேற்கு மலைப்பக்கம் அதே மேகம் பனியாகக் கொட்டும். புயல் கரையை ஒட்டி வந்தால் நகரங்களுக்கு மழை. 40 பாகை வடக்கு, 70 பாகை மேற்கு என்ற கடற்புள்ளியை ஒட்டிப் போனால் பனிக்கு வாய்ப்பு கூடும். இன்னும் விலகினால் வெறும் காற்றோடு முடிந்துவிடும். விமானங்களுக்கு அந்தக் காற்றே போதும் தொல்லை கொடுக்க. இந்தத் தடுமாற்றத்தை மறைக்காமல் மூன்று பனி வரைபடங்கள் போடுகிறார்கள். ஒன்று குறைந்த அளவு: இதைவிடக் கூடுதலாகவே பெய்யப் பத்தில் ஒன்பது பங்கு வாய்ப்பு. நடுவில் எதிர்பார்ப்பு. மூன்றாவது மேல் அளவு: இதைத் தாண்டப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. வியாபாரிக்கு வேண்டியது மூன்றாவது படம்தான்.

2018 நவம்பர் 15 இரவு இங்கே நாங்கள் கஜாவுக்காக விழித்திருந்தோம். நள்ளிரவுக்குப் பின் அது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது நியூயார்க்கில் பிற்பகல். ஓரிரு அங்குலம் என்று எதிர்பார்த்திருந்த நகரத்தின் சென்ட்ரல் பூங்காவில் 6.4 அங்குலம் பனி பெய்தது. வண்டிகள் மணிக்கணக்கில் சாலையில் நின்றன. நடு எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது என்று புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல இந்த ஒரு நாளையே எடுத்துக்காட்டுகிறேன்.

குறைகளும் உண்டு. எல்லாம் ஃபாரன்ஹீட்டிலும் அங்குலத்திலும் மைலிலும் இருக்கும். 32 என்றால் உறைநிலை என்பதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். குறிப்புகளில் சுருக்கெழுத்துகள் அதிகம், பழக நாளாகும். இன்னொரு சிக்கல், நூவர்க் விமான நிலையம் லாங் தீவின் அப்டன் வானிலை அலுவலகத்தின்கீழ் வருகிறது. சரக்கு போய்ச்சேரும் எடிசனோ மவுண்ட் ஹாலி அலுவலகத்தின்கீழ். ஆகவே இரண்டு குறிப்புகளையும் படித்தாக வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் நான் விமான நிலையத்துக்குரியதையே எடுத்துக்கொள்கிறேன், பெட்டி காத்துக்கிடப்பது அங்கேதான். விமான நிலையத்துக்கென்றே தனியாக வரும் கணிப்பில் காற்றின் வேகமும் பார்வைத் தூரமும் நேரவாரியாக இருக்கும். அது ஒரு நாளைச் சற்றே தாண்டும், அதற்குமேல் எட்டாது.

எச்சரிக்கைகளில் வாட்ச் (புயல் வரக்கூடும் என்ற முன்னறிவிப்பு) மட்டும் வந்திருந்தால் பாதிச் சரக்கை அனுப்புவேன், ஜெல் ஐஸைக் குறைத்து, பெட்டிக்கு உள்ளே கூடுதலாக ஒரு சுற்றுத் தாள் வைத்து. வார்னிங் (புயல் அநேகமாக வந்தே தீரும் என்ற எச்சரிக்கை) ஆகிவிட்டால் அனுப்புவதில்லை. "அண்ணே, இங்கே வெயில் அடிக்கிறது, அனுப்புங்கள்" என்று எடிசன் கடைக்காரர் எத்தனை முறை கேட்டாலும் சரி, அன்றைய பூ உள்ளூர்ச் சந்தைக்குத்தான்.